பின்வரிசை ரத்தம்

எங்கள் சபைக் குயரில் எதற்கு வேண்டுமானாலும் பஞ்சம் வரும், போகும். டெனருக்கு மட்டும் நிரந்தரப் பஞ்சம். டெனர் என்றால் ஆண்களில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவர்கள். பெண்களில் மேல் ஸ்தாயியான சோப்ரானோ பாடுவதற்கு மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் முட்டி மோதுவார்கள். அடிக்குரலில் பேஸ் பாடுவதற்குத் தொப்பை வைத்த அண்ணன்மார் வேண்டிய மட்டும் உண்டு. டெனருக்கென்று தேடினால் இரண்டே பேர். ஒருவர் ஜீவானந்தம் அண்ணன். அவருக்கு ரயில்வேயில் டியூட்டி, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் முகம் காட்டுவார். இன்னொருவன் என் கணவன் எபி. முதல் வரியைச் சரியாகத்தான் எடுப்பான். இரண்டாவது வரியில் பக்கத்தில் நிற்கிற பேஸ்காரர்களோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

அதனால் எங்கள் குயர் மாஸ்டர் வேதசிரோமணி ஐயா, சனிக்கிழமைப் பயிற்சியை முடிக்கிற ஜெபத்தில் நாட்டுக்காகவும் சபைக்காகவும் வேண்டிவிட்டு, கடைசியில் மறக்காமல் ஒன்று சேர்த்துக்கொள்வார். "எங்களுக்கு டெனர் பாட ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே." நான் சின்னப் பெண்ணாகக் குயரில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிற ஜெபம் அது. எல்லாரும் ஆமென் சொல்வோம். எபி மட்டும் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கு ரோஷம்.

நான் கிறிஸ்டினா, சோப்ரானோ. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வரிசையில் உச்ச ஸ்வரத்தைக் கத்தாமல் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதினாலு வயதிலிருந்து கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு எனக்கு. எபி என்னைக் காதலித்ததே அந்தப் பாட்டால்தான். பின்வரிசையில் நின்று என் பின்னலைப் பார்த்துப் பார்த்து ஸ்வரம் தவறியவன், கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

போன வருஷம் மே மாதம் எனக்கு உடம்பு கெட்டது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. பொழிச்சலூர் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்க் கம்பெனி வேன் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்தேன். பல் துலக்கினால் ரத்தம் வந்தது. பேஸ்ட்டை மாற்றினேன். தொடையில் நீலம் நீலமாகத் தடம். ரேக்கில் இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டேன். எபி டாக்டரிடம் போகலாம் என்று சொல்லச் சொல்ல அவன் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒருநாள் வேனிலேயே மயங்கிச் சரிந்த பிறகு, என்னைக் கேட்காமலேயே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி இருக்கிற ஆஸ்பத்திரி அது. ரத்த நோய்களுக்கான டாக்டர் விஷ்ணுப்ரியாவுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். எலும்புக்குள் ரத்தம் உண்டாகிற இடம் ஏறக்குறைய காலி. ரத்தத்தை உண்டாக்குகிற தாய் அணுக்கள், ஸ்டெம் செல் என்கிறார்களே, அவை கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சமும் களைத்துப் போயிருக்கிறது. வேறொருவருடைய மஜ்ஜையை வைக்கலாம், ஆனால் அது பொருந்த வேண்டும். என் ஒரே அண்ணனுடையது பொருந்தவில்லை. வெளியில் தேடியும் கிடைக்கவில்லை. அதுவரை உயிரோடு இருக்க, அடுத்தவர் ரத்தம்தான் வழி.

வேதசிரோமணி ஐயா அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு எத்தனை யூனிட் ஏறுகிறதோ அத்தனையை ரத்த வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். முதலில் சோப்ரானோ வரிசைதான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ஒருவர் விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுக்கிற அளவுக்கு அவர்களுக்கே ரத்தம் இல்லையாம். எங்கள் வரிசைக்குத் தலைவி மாதிரி இருக்கிற ஞானசுந்தரி அக்காவைப் பார்த்து நர்ஸ், நீங்கள் எப்படி நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றே கேட்டாள். பிறகு ஆண்கள் வந்தார்கள். டெனர், பேஸ் என்று பின்வரிசையே மாற்றி மாற்றி வந்து கையை நீட்டியது. வைகாசி முடிந்து கார்த்திகை வந்தது, என் நரம்புகளில் ஓடியது முழுக்க இரவல் ரத்தம். அதிலும் இரண்டு வாரம் தாண்டினால் மறுபடி முகம் வெளுத்துவிடும்.

டிசம்பரில் டாக்டர் ஒரு கேப்சூலை எழுதிக் கொடுத்தார். ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது என்றார். நான் எபியைப் பார்த்தேன், எபி சுவரைப் பார்த்தான்.

சில பேருக்கு ஸ்டெம் செல்லுக்குள் இருக்கிற இழைகளின் நுனி சீக்கிரம் தேய்ந்துபோகும், உங்களுக்கு அந்த மாதிரி என்று அவர் விளக்கினார். ஓரம் அடிக்காத சேலை நூல் பிரிகிற மாதிரி. நுனியைப் பழுதுபார்க்கிற ஒரு பொருளை உடம்பே வைத்திருக்கிறது. அதைத் தட்டி எழுப்புகிற வேலையைப் பாலியல் ஹார்மோன்கள் செய்கின்றன. குழந்தைப் பேற்றோடும் மீசையோடும் அவற்றின் வேலை முடிந்துபோவதில்லை, எலும்புக்குள்ளும் அவற்றின் பேச்சு எடுபடுகிறது.

"இதுல ஒரு வேடிக்கை இருக்கு கிறிஸ்டினா," என்றார். "லேப்ல பார்த்த வரைக்கும், ஆண் ஹார்மோனைக் கொடுத்தா அதுல ஒரு பங்கு பெண் ஹார்மோனா மாறித்தான் ஸ்டெம் செல்லை எழுப்புது. இந்த மருந்து அதே வழியில போகுதா, வேற வழியான்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு. ஆனா நிறைய பேருக்கு வேலை செஞ்சிருக்கு. உங்களுக்கும் செய்யும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசமாவது விடாம சாப்பிடணும்."

பிறகு பக்கவிளைவுகளைச் சொன்னார். ஈரலை அடிக்கடி சோதிக்க வேண்டும். முகத்தில் பரு வரலாம், ரோமம் வளரலாம். இதைச் சாப்பிடும்வரை குழந்தை என்ற பேச்சே கூடாது. குரல் கனத்துப்போகலாம். மற்றவை மருந்தை நிறுத்தினால் ஓரளவு சரியாகும், குரல் மட்டும் போனால் திரும்பாமலே போகலாம்.

நான் பாடகி என்று சொன்னேன்.  ஜன்னலுக்கு வெளியே சதுப்பில் நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. "பாடுறதுக்கு நீங்க இருக்கணும்," என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நியாயமான பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அன்று சாயங்காலமே முதல் கேப்சூலை விழுங்கினேன்.

அந்தக் கிறிஸ்துமஸில் தனிப்பாட்டைப் பாடிவிட்டேன். அதுதான் கடைசி. பிப்ரவரியில் குரல் உடைந்தது. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் யாரோ ஒரு ஆள் உள்ளேயிருந்து பேசுவான். பார்சல் கொண்டுவருகிறவன் போனில் "சார், வூடு எங்க சார் கீது" என்றான். எபியின் முகத்தில் எத்தனை எண்ணெய் தடவியும் ஒழுங்காக வளராத மீசை, ஒரு செலவும் இல்லாமல் என் மேலுதட்டில் வந்தது. நூல் வைத்து எடுக்கவும் முடியாது, தட்டணுக்கள் குறைவு, கீறினால் ரத்தம் நிற்காது. சோகம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

குயரில் யாருக்கும் மாத்திரை பற்றிச் சொல்லவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வயிற்றையே பார்த்துக்கொண்டு விசேஷம் உண்டா என்று கேட்கிறவர்கள். அவர்களிடம் போய் நான் ஆண் ஹார்மோன் சாப்பிடுகிறேன் என்றால் என்ன ஆகும்? சபைக் காம்பவுண்டைத் தாண்டுவதற்குள் அந்தச் சேதிக்குக் கையும் காலும் முளைத்துவிடும். தொண்டைக் கட்டு என்று சொல்லி வைத்தோம். தொண்டைக் கட்டு எத்தனை வாரம் இருக்கும்?

ஞானசுந்தரி அக்காதான் கண்டுபிடித்தார். பயிற்சிக்கு நடுவில், எல்லார் காதிலும் விழும்படி, வெகு தெளிவாகச் சொன்னார்.

"எல்லாம் அந்தப் பின்வரிசை ரத்தம் பண்ற வேலை. மாசக்கணக்கா ஆம்பளைங்க ரத்தமா ஏத்திகினு கீது இந்தப் பொண்ணு. அதுவும் டெனரும் பேஸுமா. அப்புறம் கொரலு எப்டி பொம்பளை கொரலா இருக்கும்?"

சிரித்துவிட்டுப் போக வேண்டிய பேச்சு. ஒருவரும் சிரிக்கவில்லை. சேதியைக் கேட்டவர்கள் எல்லாம் ஆமாம், ஆமாம் என்றார்கள். நான் விளக்கப் பார்த்தேன். ரத்த வங்கியில் அவர்கள் கொடுத்தது வேறு யாருக்கோ போயிருக்கும், எனக்கு ஏறியது ஊர் பேர் தெரியாத யாருடையதோ, தவிர ரத்தத்தில் குரல் ஏறாது என்றேன். அதை அந்தக் கனத்த குரலில் சொன்னதுதான் வினை. நான் பேசப் பேச அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. பேஸ் வரிசையில் இரண்டு அண்ணன்மார் என்னை ஏதோ நெருங்கின சொந்தக்காரி மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். சோப்ரானோக்களோ இனிமேல் பெண்கள் ரத்தம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சத்து மாத்திரையுமாகத் தின்று, அடுத்த தடவை ரத்த வங்கியில் நிற்பதற்காக உடம்பைத் தேற்றத் தொடங்கினார்கள். கோபப்படவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

ஆனால் வேதசிரோமணி ஐயா இடிந்துபோனார். பின்வரிசையைத் திரட்டிக்கொண்டு போனது அவர்தானே. வீடு தேடிப் பொழிச்சலூருக்கே வந்துவிட்டார். காபியைத் தொடவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும், அது போய் முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"உன்னைப் பொழைக்க வைக்கிறேன்னு உன் குரலை நானே கெடுத்துட்டேன் பாப்பா."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு என்று எபி கண்ணைக் காட்டினான். அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று உள்ளே போய்விட்டேன். நான் குரல் போன துக்கத்தில் அழுகிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். போகிற வழியிலேயே ஆயரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஆயர் மைக்கில் அறிவித்தார். "நம் அன்புச் சகோதரி கிறிஸ்டினாவின் இழந்துபோன குரல் மறுபடியும் முன்போலத் திரும்ப, தொடர்ந்து வெள்ளிக்கிழமைகளில் ஜெபிப்போம்." கோவில் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் சாப்பிடாமல் வந்து முழங்கால் போட்டார்கள்.

எனக்குப் பகீரென்றது. யோசித்துப் பாருங்கள். கனத்த குரல்தான் மருந்து உடம்பில் பிடித்திருக்கிறது என்பதற்கு நான் கண்ட பெரிய அடையாளம். அது பழையபடி ஆக வேண்டும் என்றால் மருந்து தோற்க வேண்டும். நான் செத்துப்போகாமல் இருக்க ரத்தம் கொடுத்த ஜனங்கள், அதே அன்போடு, என் மருந்து தோற்கட்டும் என்று கண்ணீர் விட்டு வேண்டுகிறார்கள். நானும் முழங்காலில்தான் இருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, தயவுசெய்து இவர்கள் சொல்வதைக் கேட்காதேயும், குரல் வேண்டாம், ரத்தம் மட்டும் ஊறினால் போதும் என்றேன். வாரா வாரம் அவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், நான் ஒருத்தி ஒரு பக்கம் இழுத்தேன்.

ஒருத்தியாக இழுத்தேன் என்று சொன்னாலும், மனசு முழுக்க என் பக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். கீழே யாரும் இல்லை. கிறிஸ்துமஸ் தனிப்பாட்டின் உச்ச வரியை மெல்ல எடுத்துப் பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி காற்று. எடுத்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தக் குரல்தான் நான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள், கேப்சூலை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் விழுங்கினேன். எபி அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா இப்ப, கொரலு போனா போவுது," என்றான். "கொரல வச்சிகினு நான் இன்னா பண்றது. நீ கீற இல்ல, அது போதும் எனக்கு."

அவன் வாழ்நாளில் பேசிய நல்ல வசனம் அதுதான். நான் அவனைத் திட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுக்களையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எபி கூடத்தில் உட்கார்ந்து, சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகைக்கு ஐயா கொடுத்திருந்த பாட்டில் டெனர் பகுதியைப் பழகிக்கொண்டிருந்தான். முதல் வரி சரி. இரண்டாவது வரியில் வழக்கம்போலச் சறுக்கினான். மறுபடி முதல் வரி, மறுபடி சறுக்கல். எத்தனை நேரம் பொறுப்பது? கரண்டியும் கையுமாக அங்கிருந்தே அந்த இரண்டாவது வரியை எடுத்துப் பாடிக் காட்டினேன்.

குரல் தடையில்லாமல் வந்தது. கிறீச்சில்லை, காற்றில்லை. அகலமாக, உருண்டையாக, அடிவயிற்றிலிருந்து வந்து நின்றது. நானே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ பாடின மாதிரி. எபி அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"கிறிஸ்டி, நீ டெனர்."

கரண்டியை அவன் மேல் எறிந்தேன். குனிந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தரம் பாடு என்றான். பாடினேன். அவனும் சேர்ந்து பாடினான். என்னைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக, பாட்டின் கடைசி வரை சறுக்காமல் வந்து சேர்ந்தான். தாளிப்பு கருகிப்போயிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் தினம் அந்தப் பாட்டுதான்.

அதே மாதம் இன்னொன்றும் கவனித்தேன். ரத்தம் ஏற்றி மூன்று வாரம் தாண்டியும் முகம் வெளுக்கவில்லை. நாலு வாரம். படியேறினால் மூச்சு வாங்கவில்லை. எபியிடம் சொல்லப் பயமாக இருந்தது, சொன்னால் போய்விடுமோ என்று. அவனும் கவனித்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறான், அதே பயம். டாக்டரும் அவசரப்படவில்லை. ஜூலையில் பார்த்தார், ஆகஸ்டில் பார்த்தார், இன்னும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். அந்த முடிவு வருகிற நாளில் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். போன் அடித்தது.

"கிறிஸ்டினா, ரிசல்ட் வந்துடுச்சு," என்றார் டாக்டர். சரியாக அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. எங்கள் மொட்டை மாடியையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது. அவர் பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை. அந்த விமானத்தில் போன அத்தனை பேரையும் நான் சபித்தேன், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். சத்தம் அடங்கியதும், மறுபடி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஹீமோகுளோபின் பத்தரை. தட்டணுக்களும் பயப்படுற அளவைத் தாண்டி நல்லாவே ஏறியிருக்கு. மூணு மாசமா உங்களுக்கு வெளி ரத்தம் ஏத்தல. இப்ப உடம்புல ஓடுறது முழுக்க நீங்களே உண்டாக்கினது. மருந்தைத் தொடரணும், கண்காணிக்கணும், அதெல்லாம் இருக்கு. ஆனா உங்க மஜ்ஜை முழிச்சிடுச்சு."

 எபி போனைப் பிடுங்கி, மறுபடி கேட்டு, டாக்டருக்கு நன்றி சொல்லி, பிறகு தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நான் அழவில்லை. என் மணிக்கட்டைத் திருப்பி, நீலமாக ஓடிய நரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என்னுடையது. இரவல் இல்லை. என்னவென்று தெரியாமல் ஒரு திமிர் வந்தது எனக்கு. அந்தத் திமிரோடுதான் அறுப்பின் பண்டிகைக்குப் போனேன்.

தாம்பரத்தில் யார் அறுக்கிறார்கள்? மார்க்கெட்டில் வாங்கின பூசணியையும் வாழைத்தாரையும் கோவிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போட்டு அவர்களே திரும்ப வாங்கிப் போவார்கள். வாசலில் சேவல்கள் கட்டிக் கிடந்தன. உள்ளே கரும்பும் தோரணமும். காணிக்கைக்கு முன்னால், ஆண்டவர் செய்த நன்மைகளுக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஆயர் அழைத்தார். மகனுக்கு வேலை கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். அடுத்ததாக நான் எழுந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து போகும்போதே சலசலப்பு. குரல் திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். வேதசிரோமணி ஐயா ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றேன். என் கனத்த குரல் ஸ்பீக்கரில் கோவில் முழுக்க உருண்டது. கூட்டத்தின் முகம் வாடுவது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

"மாசக்கணக்கா வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து என் குரலுக்காக ஜெபம் பண்ணீங்க. ஆண்டவர் அதைக் கேக்கல. கேக்காததுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்ல வந்திருக்கேன்."

 எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் எலும்புக்குள் ரத்தம் வற்றிப்போனதையும், தூங்கின அணுக்களை எழுப்ப டாக்டர் கொடுத்தது ஆண் ஹார்மோன் என்பதையும், குரல் மாறியதற்கும் மீசை வந்ததற்கும் காரணம் அதுதான் என்பதையும் சொன்னேன். குழந்தை ஏன் இல்லை என்று இனி யாரும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஐயா கொண்டுவந்த ரத்தம் என் குரலைக் கெடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் மருந்து வேலை செய்கிறவரை நான் இருந்திருக்கவே மாட்டேன். இப்போது மூன்று மாதமாக ஓடுவது என் சொந்த ரத்தம்.

"இந்த வருஷம் நான் அறுத்த விளைச்சல் அதுதான்," என்று முடித்தேன். "பழைய குரல் வேணுமா, இந்த ரத்தம் வேணுமான்னு கேட்டா, எனக்கு இந்த ரத்தம்தான் வேணும்."

ஞானசுந்தரி அக்கா எழுந்து நின்று கை தட்டினார். கோவிலில் கை தட்டுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. அக்கா தட்ட, சோப்ரானோ வரிசை தட்ட, கோவிலே தட்டியது. வாசலில் சேவல்கள் மிரண்டு கூவின. நான் அப்போதுதான் அழுதேன், வெட்கமில்லாமல், மைக்குக்கு முன்னாலேயே.

சத்தம் அடங்கும்வரை வேதசிரோமணி ஐயா நின்றபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். அவர் பேசியதும் மைக்கில் விழுந்தது.

"இந்தக் கோவில்ல இருவது வருஷமா நான் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டுட்டு இருக்கேன். யாரை அனுப்பணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. இங்க ஏன் பாப்பா நிக்கிற? பின்வரிசைக்குப் போ."

பின்வரிசையிலிருந்து ஒரு ஆமென் வந்தது. எபியின் குரல். அந்த ஜெபத்துக்கு அவன் சொன்ன முதல் ஆமென்.

நான் முன்வரிசையைத் தாண்டிப் போனேன். ஞானசுந்தரி அக்கா போகிறபோக்கில் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். பேஸ் அண்ணன்மார் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜீவானந்தம் அண்ணனுக்கு அன்றைக்கும் டியூட்டி, அவர் இடம் காலியாக இருந்தது. அங்கே, எபிக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயா ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார். முதல் வரியை எல்லாரும் சேர்ந்து எடுத்தோம். இரண்டாவது வரி வந்ததும் எபி வழக்கம்போல பேஸ் பக்கம் சாயப் பார்த்தான். நான் விடவில்லை.